பதினொரு விநாடி

கடைசிக் காட்சியில் அவள்
சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு நின்றாள்.
உள்ளே போகிறாளா, வெளியேறுகிறாளா
தெரிவதற்குள் திரை கறுத்தது.

செந்தூல் பாசார் பக்கத்து ஒட்டுக்கடையில்
கரண்ட் போய்விட்டதென்று
நசுருதீன் பாய் ரிமோட்டைத் தொடையில் தட்டினார்.
தலைக்கு மேல் மின்விசிறி
சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
பதினொரு விநாடி.
அப்புறம் பெயர்கள் ஏறத் தொடங்கின.

"இதுக்கா நாப்பது வாரம் ஒக்காந்தோம்?"
லோரி ஓட்டும் குணாளன்
பிய்த்த ரொட்டியைக் குழம்பில் விட்டுவிட்டார்.
"போயிட்டாலா. செருப்புப் போட்டிருந்தாளே,
பாக்கலையா?" என்றாள் துளசிமலர்.
செருப்பா? யாருக்கும் நினைவில்லை.
"அடுத்த சீசனுக்குக் காசில்ல, அவ்ளோதான்"
கல்லாப் பையன் சில்லறையை எண்ணியபடி.
மூலை மேசைக்காரர்
தே ஓ கொசோங்குக்குப் பணம் வைத்துவிட்டு
வாய் திறக்காமல் எழுந்து போனார்.

அவள் திரும்பி வந்துவிட்டாள் என்றேன் நான்.
கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.
எல்லாரும் பார்த்தார்கள்,
குணாளனைத் தவிர.
எங்கள் மாடிக்காரர்.
பிப்ரவரியில் லிஃப்ட் கெட்டிருந்த அன்று
உன் பெட்டியைப் பன்னிரண்டு மாடி
இறக்கி வைத்தவர்.

இரவு ஒன்றரைக்குக் கைப்பேசியில்
மறுபடி ஓட்டினேன், நிறுத்தினேன்,
இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினேன்.
துளசிமலர் சொன்னது சரி.
செருப்புத்தான்.
ஆனால் இடது காலில்
வார் இன்னும் மாட்டவில்லை.

விடிந்ததும் குணாளனிடம்
இதைச் சொல்ல வேண்டும்.