எடை கூடியவன்

மஸ்ஸாவா துறைமுகத்தில் விடியுமுன்
மீன் நிறுக்கும் தராசில் அவனை ஏற்றினேன்.
ஐம்பத்தொன்பது கிலோ இருநூறு.
"இன்று கிலோ என்ன விலை?" என்றான் மெர்ஹாவி.
நான் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டேன்.

அஸ்மாராவில் மருந்துக்கடையில் நிற்பவள் நான்.
பேதி கண்ட குழந்தைகளின் அம்மாக்களுக்கு
உப்பும் சர்க்கரையும் அளந்து கொடுப்பவள்.
அதனால்தான் பந்தயக் குழுவின் புட்டிகள்
என் தலையில் விழுந்தன.
மற்றபடி சைக்கிள் ஓட்டத் தெரியாது எனக்கு.

ஒரு புட்டிக்கு
சர்க்கரை நாற்பத்தைந்து கிராம்,
உப்பு ஒரு கிராம்,
எலுமிச்சை அரை மூடி.

குடலின் வாசலில் ஒரு காவல்காரன்.
சர்க்கரை தனியே வந்தால் நிறுத்திவைப்பான்.
உப்பின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால்
இரண்டையும் விடுவான்.
பின்னாலேயே தண்ணீரும் நுழைந்துவிடும்
கல்யாண வீட்டில்
யாரோடோ வந்தவர் போல.

இதைச் சொன்னபோது மெர்ஹாவி தலையாட்டினான்.
தலையாட்டுகிறவர்களைக் கடையில்
நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவனுக்கு இனிப்பென்றால் பயம்.
கெரென் பந்தயத்தில்
பலம் வரட்டுமென்று இருமடங்கு கலந்துவிட்டேன்.
பாகாய் இறங்கிய இனிப்பு
தண்ணீர் தருவதற்குப் பதில்
அவன் உடம்பின் தண்ணீரையே
வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டது.
சாலையோரம் குனிந்து நின்றான்.
அது என் கைத்தவறு.
அவன் மறக்கவில்லை.

ஆகவே தோகாலிப் பாலம் தாண்டியதும்
என் புட்டியை மணலில் கவிழ்த்தான்.
நான் பார்த்தேன்.
கடற்கரை வெயிலில் அவன் கறுப்புச் சட்டை முதுகில்
சுண்ணாம்பு பூசிப் பாதியில் விட்ட சுவர் போல
உப்பு வெளுத்துக்கொண்டிருந்தது.
கஹ்தெலாய் வருவதற்குள்
ஆறு புட்டி வெறும் தண்ணீர்.
ஏழாவதையும் கேட்டான்.

கிந்தாவில் முன்கூட்டத்தை விட்டான்.
எம்பத்கலாவில் பின்கூட்டமும் போனது.
நெஃபாசித்தில் மூடுபனி,
பல் கிட்டும் குளிர்.
இறங்கி நின்றவனின் கைக்கடிகாரப் பட்டை
மணிக்கட்டுச் சதைக்குள் புதைந்திருந்தது.
"கடல் எந்தப் பக்கம்?" என்றான்
கடலிலிருந்தே ஏறி வந்தவன்.

"தண்ணீர்! தண்ணீர் கொடு!"
வண்டியோட்டி செரெசெனாய் கத்தினார்.
தேநீர்க் கடையிலிருந்து மூன்று பேர்
மூன்று குவளையோடு ஓடி வந்தார்கள்.
நான் மறித்தேன்.
தவித்த வாய்க்குத் தண்ணீர் தராதவள் என்று
ஒரு கிழவர் என்னைப் பார்த்த பார்வை
இன்னும் தோளில் இருக்கிறது.

உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசு
பக்கத்துக் கடையில் இருந்தது.
அறுபது கிலோ நூறு.

மூன்று மணி நேரம் மலையேறியவன்
தொள்ளாயிரம் கிராம் கூடியிருந்தான்.
கிழவர் முள்ளைப் பார்த்தார்,
அவனைப் பார்த்தார்,
குவளையைத் தானே குடித்துவிட்டார்.

சூப்புக்கட்டி மூன்றை
கால் குவளை வெந்நீரில் கரைத்துக் கொடுத்தேன்.
முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான்.
பிறகு ஹிம்பாஷா ரொட்டி,
ஆரக்கால் போலக் கீறிய வட்டத்தில்
ஒரே ஒரு துண்டு.
அரை மணி கழித்து
பாறைக்குப் பின்னால் போனான்.
நெடுநேரம் வரவில்லை.
செரெசெனாய் மணி பார்த்தார்.
நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மேலே அஸ்மாராவில் யாரோ ஜெயித்தார்கள்.
வண்டியில் பின்னால்
சைக்கிளை அணைத்தபடி தூங்கினான் மெர்ஹாவி.

திங்கட்கிழமை கடைக்கு வந்தான்.
"அளவை எழுதிக் கொடு."
எழுதினேன்.
"குளிருக்கும் இதேதானா?"
தெரியாது என்றேன்.
"ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு கணக்கு.
பயிற்சி முடிந்ததும் சட்டையைத்
துவைக்காமல் கொண்டு வா."

வரிசையில் அடுத்து நின்ற பெண்
இடுப்புக் குழந்தையை
மறுபக்கம் மாற்றிக்கொண்டு
கொஞ்சம் தள்ளி நின்றாள்.