நெட்டி

மூன்று மாதமாக மாணிக்கவல்லி சொல்லிக்கொண்டிருந்தாள்,
வண்டி நெட்டி முறிக்கிறதென்று.
நேர் ரோட்டில் இல்லையாம்.
திரும்பும்போது மட்டும்,
அதிலும் இடப்பக்கம் ஒடித்தால் மட்டும்.

எங்கள் பக்கத்துத் தெருக்கள் அளவுகோல் வைத்துக் கிழித்தவை.
ஒரே வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
கண்டனூரில் எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு சேர
ஒன்பது முக்கு. அதில் இடது ஐந்து.
ஐந்திலும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள்.
நான் கண்ணாடியைப் பார்ப்பேன்.

எனக்குக் கேட்காது.
புதுவயல் ரைஸ்மில்லில் இருபத்திரண்டு வருஷம்
ஹல்லர் பக்கத்தில் நின்ற காது இது.
இடி இறங்கினாலும் ‘ஏதாவது சொன்னியா’ என்று கேட்கும்.
ஆனால் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வதற்கும்
சத்தமே இல்லை என்று சாதிப்பதற்கும்
நடுவில் ஒரு கியர் இருக்கிறது.
அது எனக்கு விழவே இல்லை.

டிக்கியில் தூக்குவாளி உருளுது என்றேன். எடுத்து வைத்தாள்.
வீல்கப்புக்குள் கல் என்றேன். நாலையும் கழற்றிக் கழுவினாள்.
உன் வளையல் என்றேன்.
அன்றைக்கு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள்,
கொப்புடையம்மன் கோயிலுக்கு.
கண் பட்டிருக்கும் என்று எலுமிச்சை கட்டினேன்.
பழம் காய்ந்தது.

அன்வர்தீன் பானெட்டைத் திறக்கவே இல்லை.
‘சுத்துற மாதிரி காலி எடம் எங்கயாச்சும் இருக்கா?’
நான் வேலை பார்த்த மில்லின் நெற்களம் இருந்தது.
ஓரத்தில் மட்டும் தார்ப்பாய்க்கு அடியில் ஓர் அம்பாரம்.
அவர் ஓட்ட, அவள் பக்கத்தில்.
ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து
மெதுவாக ஒரு வட்டம்.
என்னை நடுவில் நிறுத்தினார்கள், செக்குக்கல் மாதிரி.

வலது சுற்றில் அவள் அந்தப் பக்கம் மறைந்துபோனாள்.
அன்வர்தீன் ஜன்னல் வழியே தலையாட்டினார்: இல்லை.
பிறகு இடது.
அவள் கை வெளியே நீண்டிருந்தது.
ஒரு விரல்.
ஒரு விரல்.
ஒரு விரல்.
அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க
விரல்கள் நெருங்கி நெருங்கி
எண்ணி மாளாமல் முழுக் கையையும் உதறினாள்.
அந்தச் சத்தம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.
கேட்டது என்று எழுதினால் பொய்.

‘இடது ஒடிச்சா பாரம் வலது வீலுக்குப் போகும்ணே.
நீங்க கால் வைக்கிற எடத்துக்கு நேர் கீழ.’
அவர் உதட்டில் படித்தேன்.

ஜாக்கி ஏறியது. டயர் கழன்றது.
ஆக்ஸில் முனையில் ரப்பர் உறை,
ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாய்.
ஒரு மடிப்பில் கிழிசல், விரல் நுழையும்.
உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ்
ரிம்மின் உள்பக்கம் விசிறியடித்துக் கறுத்திருந்தது.
கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண்.
ஆறு குண்டு.
துடைத்துத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.
நாலு வழுவழுவென்று.
இரண்டில் அம்மைத் தழும்பு.

‘ரப்பர் கிழிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா முந்நூத்தம்பது ரூவா.’
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.
காரைக்குடியிலிருந்து புது ஆக்ஸில் பஸ்ஸில் வந்தது.
நாலாயிரத்து அறுநூறு, கூலி தனி.
மாணிக்கவல்லி என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

வீடு திரும்பும் வழியில் இடது நாலுதான்.
முதல் முக்கில் கேட்டேன், ‘இருக்கா?’
உதட்டைப் பிதுக்கினாள்.
இரண்டாவதிலும் கேட்டேன்.
மூன்றாவதில் வாயை மூடிக்கொண்டேன்.
எனக்கு நேற்றும் இப்படித்தான் இருந்தது வண்டி.

வாசலில் இறங்கியவள் உள்ளே போகவில்லை.
முன்பக்கம் வந்து
இரு கையாலும் பானெட்டை வழித்து
நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள்.
பத்து விரலும் மடங்கியதைப் பார்த்தேன்.
சத்தம் வந்திருக்கும்.