பதினோராவது கேள்வி

கற்பூர மிஷின். எண்பத்தைந்தாயிரம்.
செய்வதையெல்லாம் நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று
கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டு மாடியில்
ஏசி போட்டுச் சொன்னார்கள்.

இப்போது அந்த ஷட்டரில் அரசாங்க அரக்கு.

பொருளாதாரக் குற்றப்பிரிவு முகாமில்
பெண் போலீஸ் மெதுவாகத்தான் கேட்டாள்.
ரசீது? இருக்கிறது.
ஒப்பந்தம்? இருபது ரூபாய்ப் பத்திரத்தில்.
மிஷினை விற்கக்கூடாது, அது இனி கேஸ் சொத்து.
சரி. வாங்கத்தான் யார் இருக்கிறார்கள்.

பதினோராவதை நீங்களே கைப்பட எழுதணும்:
வேறு யாரையாவது சேர்த்துவிட்டீர்களா?

பின்வரிசையில்
என் பேச்சை நம்பித் தோடு அடகு வைத்த
சாலம்மா
டோக்கன் நாற்பத்திரண்டால்
விசிறிக்கொண்டிருக்கிறாள்.

ஆளுக்கு ஆயிரம் கமிஷன்.
அதற்கு மட்டும் ரசீது தரவில்லை.

வீட்டில் நாலு மூட்டைக் கற்பூரம்
கொளுத்த ஆளில்லாமல்
காற்றிலேயே குறைந்துகொண்டிருக்கும் இந்நேரம்.

பேனா எழுதவில்லை என்றேன்.
வேறு பேனா கொடுத்தாள்.