மிதி

என் வலது தொடை இடதைவிடப் பருத்தது.
லூயிஸ்டனில் ஜீன்ஸ் வாங்கும்போதுதான் தெரிந்தது.
பன்னிரண்டு வருஷம்
அந்த எழுபத்தொன்றாம் மாடல் செவ்ரோலே டிரக்கை
வொயிட் பேர்ட் மலையிறக்கத்தில்
நான் நிறுத்தியது காலால் அல்ல, இடுப்பால்,
சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து,
பல்லைக் கடித்து.

டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சீறல்.
பாம்பென்று முதல் நாள் காலைத் தூக்கிக்கொண்டேன்.
ஐடஹோவில் அதற்கும் வாய்ப்புண்டு.
மிதித்தால் சீறும், எஞ்சின் தடுமாறும்,
விட்டால் அடங்கும்.
"ஆர்ரின், கேட்கிறதா?"
"எது?" என்றான் என் கணவன்.
மரம் அறுக்கும் ஆலையில் இருபத்தாறு வருஷம்.
எங்கள் வீட்டில்
உப்பு கேட்பதுகூடச் சண்டை போலத்தான் ஒலிக்கும்.

அக்டோபரில், முதல் பனி விழுமுன், கழற்றினேன்.
மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டுகளை விடுவித்து
குழாய்கள் மடங்காமல் ஓரமாக நகர்த்தினேன்.
பிறகு உள்ளே மல்லாந்து படுத்து,
கதவின் விளிம்பு விலாவில் குத்த,
பெடல் ஊசியை உருவி, நான்கு நட்டுகள்.
மூன்று வந்தன.
நான்காவதைத் திட்டிய வார்த்தைகள்
எனக்குத் தெரியும் என்பதே
எங்கள் லூத்தரன் பாதிரியாருக்குத் தெரியாது.

பூஸ்டர் என்பது
முகத்தோடு முகம் வைத்து மூடிய இரண்டு தகரச் சட்டிகள்.
நடுவே ஒரு ரப்பர் திரை.
திரைக்கு இருபுறமும் ஒன்றுமில்லை:
எஞ்சின் உறிஞ்சி எடுத்துவிட்ட வெறும் இடம்.
மிதித்தால் ஒரு புறம் மட்டும் காற்றுக்குக் கதவு திறக்கும்.
மறுபுறத்து ஒன்றுமில்லாததை நோக்கி
அது முண்டியடிக்கும்.
அந்த முண்டலில்தான் பிரேக்.
வெறுங்கை முழம் போடாது என்பார்கள்.
வெறும் இடம் இரண்டு டன் இரும்பை நிறுத்துகிறது.

சட்டிகள் சேரும் இடத்தில் கோடு கீறி,
வைஸில் கடிக்கவிட்டு, நீளக் கட்டையால் திருகினேன்.
ஸ்பிரிங் என் மோவாயைத் தேடி வந்தது.
இரண்டு அங்குலத்தில் தப்பியது மோவாய்.
உள்ளே, சிலிண்டரிலிருந்து கசிந்த எண்ணெயும் துருவும்
கரைந்து காப்பிக் கசடாக.
திரையில் விரல் நீளக் கிழிசல்.
இதுவா, என்றேன். இத்தனை வருஷமும்
இந்த ஓட்டையையா நான் மிதித்தேன்?

ஸ்போகேனிலிருந்து புதுத் திரை வர பதினொரு நாள்.
அதே வாரம்
ஆர்ரினுக்குக் காதுக் கருவியும் வந்தது.
தண்டின் நுனிக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி பார்க்க
அவன் மென்றுகொண்டிருந்த பபிள்கம்மைக் கேட்டேன்.
முகம் சுளித்துத் துப்பிக் கொடுத்தான்.
கம் நசுங்கி, தாள் கனத்தில் நின்றது.
போதும். ஒட்டினால் சக்கரம் வேகும்,
விலகினால் பெடல் பொய் சொல்லும்.

எஞ்சின் அணைந்திருக்க ஐந்து முறை மிதித்தேன்.
கல்.
காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினேன்.
பெடல் மெல்ல இறங்கியது,
யாரோ கீழிருந்து என் பாதத்தை வாங்கிக்கொண்டது போல.

சோதனை ஓட்டம். பக்கத்தில் ஆர்ரின்,
அவன் மடியில் மிசஸ் ஹால்வர்சனுக்கு ஐந்து டஜன் முட்டை.
ஸ்டாப் பலகை வந்தது.
மூளைக்குப் புது பூஸ்டர் தெரியும்.
தொடைக்குத் தெரியாது.
இடுப்பை ஊன்றி, முதுகை முட்டுக்கொடுத்து,
பன்னிரண்டு வருஷ பலத்தையும்
ஒரே மிதியில் இறக்கினேன்.

டிரக் நின்றது. முட்டைகள் நிற்கவில்லை.

"வலிக்கிறதா?" என்று அலறினேன்.
கண்ணாடியிலிருந்து மஞ்சள் வழிய வழிய
அவன் தொப்பியைத் தேடி எடுத்தான்.
"ஏன் கத்துகிறாய்?" என்றான்.
"இதோ பக்கத்தில்தானே இருக்கிறேன்."

இப்போது கட்டைவிரலால் மிதிக்கப் பழகுகிறேன்.
சில நாள் வருகிறது. சில நாள்
இருவரும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொள்கிறோம்.
ஹீட்டர் போட்டால் மட்டும்
காற்றுத் துளையிலிருந்து இன்னும்
ஆம்லெட் வாசம்.