ஒரு சுற்று வெளியே

புதன் இரவு, சமையலறை மேசையில்
நான்கு உப்புக் குடுவைகள், நான்கு மிளகுக் குடுவைகள்
இரண்டு வரிசையாய் எதிரெதிரே.
முதல் ஜோடியை வெளிப்பக்கம் சுற்றிக் கீழே இறக்குகிறேன்.
இரண்டாம் ஜோடி ஓரிடம் மேலேறுகிறது.
ஒரு மிளகு மட்டும் எப்போதும் தப்பான பக்கம் போகும்.
அதற்கு மெர்வின் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

வியாழன் மாலை
லெம்ஸ்டருக்கு வடக்கே, தகரக் கூரை போட்ட ஊர்மன்றம்.
வெளியே மழை. உள்ளே நனைந்த கம்பளி வாடை,
தேநீர்க் கொதிகலனின் முனகல்,
சுவரோரம் சேறு காயாத பூட்ஸுகள்,
அவையும் ஜோடி ஜோடியாய்.

பகலில் நான் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவள்.
எந்த வீட்டில் எவ்வளவு கசிகிறது என்பது
எனக்குத் தெரியும்.

மேடைப்பக்கம் தலை, கதவுப்பக்கம் கால், என்கிறேன்.
ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று
ஜோடிகளை எண்ணிக்கொண்டே நடுவில் நடக்கிறேன்.
ஆண் இந்தப் பக்கம் பெண் அந்தப் பக்கம் என்றெல்லாம் இல்லை;
இடவரிசை, வலவரிசை. அவ்வளவுதான்.
குதிக்க வேண்டாம், நடங்கள்,
கடை மூடுமுன் ரொட்டி வாங்கப் போகிறவர் மாதிரி.
எட்டாவது அடியில் வந்து சேருங்கள்.
ஏழில் வந்தவர் விழித்துக்கொண்டு நிற்பார்,
ஒன்பதில் வந்தவர் மன்னிப்புக் கேட்பார்,
இரண்டிலும் தளை தட்டும்.

மெர்வின் ப்ராசருக்கு நூற்றுப்பத்து மாடுகள்.
மடியைப் பார்த்தே எது எதுவென்று சொல்லிவிடுவார்.
தன் வலக்கை எதுவென்று மட்டும் சொல்ல வராது.
வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றில் ஒரு சாண் வெட்டி
மணிக்கட்டில் முடிந்துவிட்டேன்.
"நட்சத்திரம் என்றதும் கயிறு கட்டிய கை உள்ளே."
"முப்பது வருஷம் முன்னாலேயே கட்டியிருக்கணும்"
என்றாள் ஓல்வென்.

பெர்னிஸும் ரூஃபஸும் இரண்டு கார்களில் வந்தார்கள்.
அக்டோபரிலிருந்து அவர்கள் வீட்டு மீட்டர்
பாதிதான் ஓடுகிறது.
மருந்துக்கடை மாடியில் இன்னொன்று
மெல்ல ஓடத் தொடங்கியிருக்கிறது.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
பருவம் முழுவதற்கும் செப்டம்பரிலேயே பணம் கட்டிவிட்டார்கள்,
அதனால் வருகிறார்கள்.

இரு கை பிடித்துச் சுற்றும்போது
எதிரே இருப்பவர் கண்களைப் பாருங்கள்,
தலை சுற்றாமலிருக்க, வேறெதற்கும் இல்லை, என்றேன்.
பெர்னிஸ் அவன் சட்டையின் மேல் பொத்தானைப் பார்த்தாள்.
தலை சுற்றியிருக்கும்.

பிடில் எடுத்துக்கொடுக்க, கான்செர்ட்டினா பின்தொடர்ந்தது.
சொல் காலுக்கு ஒரு மூச்சு முன்னால் போக வேண்டும்;
பின்தங்கிய சொல் வெறும் வசவு.
மூன்றாம் சுற்றில் பாதிச் சொல்லை விழுங்கினேன்.
ஐந்தாம் சுற்றில் வாயே திறக்கவில்லை.
ஆடினார்கள்.
என்னைத் தேவையற்றவளாக்கத்தான்
இத்தனை தொண்டைத்தண்ணீர்.

காலுக்கு வந்துசேரும் ஜோடிக்கு ஆட ஆளில்லை.
தண்டனை அல்ல அது, முதலிலேயே சொல்லியிருந்தேன்.
ஒரு சுற்று வெளியே நில்லுங்கள்,
பக்கம் மாறிக்கொள்ளுங்கள்,
ஒன்றாய் இறங்கியவர்கள் இரண்டாய் ஏறுவீர்கள்.

அடுக்கிய நாற்காலிகளின் அருகே
பெர்னிஸும் ரூஃபஸும் நின்றார்கள்.
பக்கம் மாறவில்லை.
அவன் ஏதோ சொன்னான்.
அவள் அவன் காலைக் காட்டினாள்: அவிழ்ந்த நாடா.
அவன் குனிந்தான். முடிச்சு அவனுக்குக் கைகூட நேரமாயிற்று.
அவள் குனிந்த கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மாறுங்கள் என்று கத்த வேண்டிய அடி அது.
வாயைத் திறந்தேன்,
மூடிக்கொண்டேன்.

மேலிருந்து ஆடி இறங்கி வந்த மெர்வின்
அவர்களை நோக்கிக் கை நீட்டினார்,
கயிறு இல்லாத கையை.
பெர்னிஸ் பிடித்துக்கொண்டாள்.
ஓல்வென் தலையில் அடித்துக்கொண்டு தானும் இடக்கை கொடுத்தாள்.
எழுந்து வந்த ரூஃபஸுக்கு வேறு வழியில்லை.
அந்த நட்சத்திரம் மட்டும்
மன்றம் முழுவதற்கும் எதிர்த்திசையில் சுற்றியது,
சரியாக எட்டில் வந்து சேர்ந்தது.

கொதிகலனை அணைத்தேன். தரையைப் பெருக்கினேன்.
கார்கள் இரண்டும் தனித்தனியாகத்தான் போயின.
நீலக் கயிற்றை மெர்வின் கழற்றவில்லை,
கறவைக்கும் உதவுமாம்.

அடுத்த கணக்கெடுப்பு மார்ச்சில்.