நிமிடத்துக்கு ஒரு பலகை

கைபேசிக் கோபுரம் கடைசி வளைவோடு முடிந்துவிடுகிறது.
அதன்பின் கிரீன்பிரையர் ஆறு போகிற பக்கம்தான் வழி.
பாலத்தில் உறைபனி. இரண்டாம் கியரில் ஏறுகிறேன்.
பின்னிருக்கையில் கோப்புகள், வெற்றுத் தாள்கள்,
ஒரு சின்ன நகல் இயந்திரம்.
நகரத்தில் எனக்கு அலுவலகம் உண்டு.
இங்கிருந்து அங்கே வந்துசேர
ஓடுகிற வண்டி வேண்டும்,
ஓட்ட இரண்டு கை வேண்டும்.

டார்சி கோகர் இடது கையால் கதவைத் திறந்தார்.
இடது கையால் காபி ஊற்றினார், மேசைக்கும் கொஞ்சம்.
நான் துடைக்கவில்லை.
காப்பீட்டுக்காரர் எனக்கு முன்பே வந்துவிட்டுப் போயிருந்தார்:
ஒரு காசோலை, ஒரு தாள்,
அதில் 'முழுமையாகவும் இறுதியாகவும்' என்றொரு வரி.
"கையெழுத்துப் போட்டீங்களா?"
"எந்தக் கையால?"
அவர்தான் முதலில் சிரித்தார்.

ரம்பத்துக்கு மேல் ஒரு தடுப்புத் தகடு இருக்க வேண்டும்.
இருந்தால் மணிக்கு நாற்பது பலகை.
கழற்றிவிட்டால் அறுபது.
முதலாளிக்குத் தெரியுமா என்பதில்தான்
வழக்கு நிற்கும், அல்லது விழும்.
தெரியாது, அன்று காலை எவனோ கழற்றிவிட்டான் என்று
சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறார் லேயர்ட் பிரூவர்.

காலணிப் பெட்டியைக் கிளறி
ஒரு புகைப்படத்தை எடுத்து வைத்தாள் வில்டா, அவர் மனைவி.
போன மார்ச். யாருக்கோ பிறந்தநாள்.
ஆலைக் கொட்டகையில் பிரூவர் கேக் வெட்டுகிறார்,
மீசையில் கிரீம்.
தலைக்கு மேலே, ஆணியில், மஞ்சள் தகடு.
கோட்டு மாட்ட வசதியாக இருந்திருக்கிறது.
நான்கு தொங்குகின்றன.

பதினொரு மாதம் தேடியது
கேக்குக்குப் பின்னால் இருந்தது.
பிறகுதான் ஓரத்துக் கோட்டைப் பார்த்தேன்:
இடது முழங்கையில் சிவப்பு ஒட்டு.
அதே கோட்டு இதோ கதவருகே தொங்குகிறது,
வலக் கை மடித்து, ஊக்கு குத்தி.

"தெரிஞ்சுதானே நின்னேன்னு கேப்பாங்க," என்றேன்.
ஓரத்தை வெட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை.
என் கட்டைவிரல் மட்டும் அதன் மேல் இருந்தது.

டார்சி அந்த விரலையே பார்த்தார்.
மரலாரி ஒன்று பிரேக் கதறச் சரிவில் இறங்கி முடியும்வரை
ஒன்றும் பேசவில்லை.
"வெள்ளிக்கிழமை சம்பளம். தெரிஞ்சுதான் நின்னேன்.
அந்த ஆளும் தெரிஞ்சுதான் நிக்க வச்சாரு.
ரெண்டையும் எழுதுங்க."

எழுதினேன். படத்தை முழுசாக நகல் எடுத்தேன்.
திரும்பும்போது ஆலைக்கு எதிரே வண்டியை நிறுத்தி
கண்ணாடியை இறக்கினேன்.
ரம்பம் ஒரு முறை அலறி ஓய்ந்தது.
கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன்.
மறுபடி அலறியது.
அறுபது வினாடி.