பிப்ரவரி பத்து, இரவு 11.59

பாகலூர் சாலையில் நாகவேணி அக்கா கடை.
மூன்றாவது கணினியில்
எஸ் எழுத்து மட்டும் ஏறாது.
ஒசூர் என்று அடிக்க
வேறெங்கிருந்தோ ஒரு எஸ்ஸை நகலெடுத்து
ஊருக்கு நடுவில் ஒட்டினேன்.

முதல் கேள்வியே பெயர்.
ஆதாரில் நான் ரஞ்சுலதா கன்ஹர்.
ஒன்பதாம் வகுப்பில் சேர்த்த அன்று
"இனிஷியல் இல்லாம எப்படிம்மா" என்று
அப்பாவின் தசரதனிலிருந்து ஒரு எழுத்தைக் கிள்ளி
முன்னால் வைத்தார்கள்.
த. ரஞ்சுலதா பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபத்தொன்று.
கன்ஹர் இன்னும் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை.
இருவரும் ஒருத்தியே என்று
நோட்டரி எழுதித்தர இருநூறு ரூபாய்.
முத்திரை மை காய்வதற்குள்
எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது.

அடுத்தது தாய்மொழி.
இழுக்க இழுக்க நீள்கிறது பட்டியல்.
ஒடியா இருக்கிறது, கூயி இல்லை.
உருதுவுக்கும் கீழே, அடியில்,
மற்றவை.
தொட்டதும் பெட்டி மூடிக்கொண்டது.
என்ன மற்றவை என்று
அதற்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து மேசையில் அக்கா
ஒருவருக்குத் தெலுங்கில் பட்டா தேடுகிறாள்,
போனில் யாரையோ கன்னடத்தில் திட்டுகிறாள்,
என் பக்கம் திரும்பித் தமிழில்,
"பக்கத்துக்குப் பதினஞ்சு. சீக்கிரம்."

இருப்பிடச் சான்று கேட்டால் தாலுகா ஆபீஸில்
"நீ இந்த ஊர் இல்லையே" என்றார்கள்.
பூல்பானிக்குப் போன் போட்டால்
"இப்போது அங்கேதானே இருக்கிறாய்" என்றார்கள்.
இரண்டும் உண்மைதான்.
இணைக்கச் சொன்ன இடம் உண்மையை ஏற்காது,
பிடிஎஃப் கேட்கும்.

கடைசிப் பக்கம்:
நீங்கள் கடந்துவந்த ஒரு துன்பத்தை
முந்நூறு சொற்களுக்குள், ஆங்கிலத்தில்.

படிப்பவர் கண் கலங்க வேண்டும் என்கிறார்
வீடியோவில் ஒருவர், நல்ல சட்டை போட்டவர்.
என்னிடம் இல்லாமல் இல்லை.
மருந்தடித்த இரவுகளில் அப்பாவின் இருமல்,
எழுந்து வாசிக்கச் சொன்ன நாளில்
'மழை' என் வாயில் 'மலை'யாகி
வகுப்பே சிரித்தது,
வந்த வருடம் தகரக் கூரை.
எதை எடுத்தாலும்
விலைச்சீட்டு கட்டியது போல் தொங்குகிறது.

அம்மாவுக்கும் இதுதான் கடைசித் தேதி.
காதலர் தினப் பூ
விடிவதற்குள் பெங்களூர் விமானம் ஏற வேண்டும்.
குளிர்க் கொட்டகையில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர்,
மேசையில் ஆணியடித்த அளவுகோல்.
எழுபது சென்டிமீட்டர் காம்பு ஒரு பக்கம், அறுபது ஒரு பக்கம்,
ஐம்பது, நாற்பது.
அதற்குக் கீழே 'லோக்கல்'.
எந்த லோக்கல் என்று அம்மா கேட்டதில்லை.

போன லீவில் நானும் நின்றேன்.
முப்பத்தொன்பது காட்டிய ஒன்றை
லோக்கலில் போடப் போனேன்.
அம்மா வாங்கினாள்.
காம்பின் வளைவில் கட்டைவிரலை வைத்து
மெதுவாக நீவி
மறுபடி அளந்தாள்.
நாற்பது.
சூப்பர்வைசர் பார்க்கவில்லை,
பார்த்திருந்தாலும்
நாற்பது நாற்பதுதான்.

அதை எழுதினேன்.
துன்பம் எங்கே என்று கேட்பார்கள்,
கேட்கட்டும்.
ரோஸஸ் என்ற சொல்லுக்கே இரண்டு எஸ்.
ஒவ்வொன்றாக ஒட்டினேன்.
எண்பதுக்கு மேல் எண்ணவில்லை.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
பன்னிரண்டு போக வேண்டும்.
'ஏழை' போனது.
'இருந்தாலும்' போனது.
'என் கனவு' என்று முடித்திருந்த வாக்கியம்
முழுசாகப் போனது.
கட்டைவிரல் மட்டும் அசையவில்லை.

அனுப்பினேன்.
வட்டம் சுற்றியது,
அக்கா பாதி ஷட்டரை இறக்கினாள்,
வட்டம் சுற்றியது.
பிறகு ஒரு எண் வந்தது,
பதினாறு இலக்கம்.
பிரிண்டுக்குப் பத்து ரூபாய் குறைந்தது.
"நாளைக்குக் கொடு" என்றாள்.

குனிந்து வெளியே வந்தேன்.
ஒரு குளிர்வேன்
வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கிப் போனது.
உள்ளே எத்தனை சென்டிமீட்டர் பூ என்று
ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது.